கிழக்கே, இரண்டரை முட்டி உயரத்தில்

லேயிலிருந்து கிழக்கே புறப்பட்டால், உப்ஷிக்குப் பிறகு சாலை சிந்து நதியை விடுவதே இல்லை. ஒரு பக்கம் நதி, மறுபக்கம் செம்மண்ணும் சாம்பலும் ஊதாவுமாக நிறம் மாறிக்கொண்டே வரும் மொட்டை மலைகள். சுமதாங்கில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்றுகள் ஆவி விடுகின்றன. அங்கே தேநீர் குடித்துவிட்டு மாஹே, நியோமா தாண்டி, லோமா பாலத்துச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டி நதியைக் கடந்ததும் மலைகள் விலகிக்கொள்கின்றன. 4,000 மீட்டருக்கு மேல் அவ்வளவு பெரிய சமவெளி. கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் நான்கைந்தாக நின்று வண்டியைப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயக் குனிகின்றன. சாங்தாங் என்பது இந்த நிலத்தின் பெயர். திபெத்துக்குள் நெடுந்தூரம் விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்தின் மேற்கு ஓரம் இது.

ஹான்லேவுக்கு நான் போனது பெர்சீட் எரிகல் மழையைப் பார்ப்பதற்காக. ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்வெள்ளி ஏறத்தாழ 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கி வந்து போகிறது; கடைசியாக வந்தது 1992இல். போகும் வழியெல்லாம் அது உதிர்த்துவிட்ட தூசிக்குள் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் பூமி நுழைகிறது. நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூசி நம் காற்றில் மோதி எரிகிறது. 12ஆம் தேதி இரவும் 13ஆம் தேதி விடியலும் அதன் உச்சம். சென்னையில் அந்த நாட்களில் மேகம் இல்லாவிட்டாலும் தெருவிளக்குகள் வானத்தை வெளுத்து வைத்திருக்கும். இருட்டைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

ஹான்லேயில் இருட்டைச் சட்டமே காக்கிறது. 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் இங்கே 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. வீட்டு ஜன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் திரை, வெளியே போனால் சிவப்பு டார்ச். இதையெல்லாம் ஊரார் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதைப் பார்த்தபோது எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டானது. காப்பகத்தின் நடுவில், ஊருக்கு மேலே நிற்கும் குன்றில், 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானாய்வகம் இருக்கிறது. அதிலுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியின் கண்ணாடி 2 மீட்டர் அகலம். அதை இயக்குபவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியே கட்டளை அனுப்புகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குன்றின் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வேர் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. 1792இல் அங்கே எழும்பிய மதராஸ் வானாய்வகம்தான் பின்னாளில் கொடைக்கானலுக்குப் போய், காவலூருக்கு விரிந்து, இந்தக் குன்றுவரை வந்தது. மதராஸ் வானாய்வகத்தின் பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

நாங்கள் தங்கிய வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு திறந்தவெளிக்கு எங்களை அழைத்துப்போனது அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. வான் இயற்பியல் நிறுவனம் இங்குள்ள சிற்றூர்களிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறது, அவர்களில் ஒருத்தி. பயணிகளுக்கு வானம் காட்டுவதே அவளுக்கு இப்போது வருமானம். எங்கள் கூட்டத்தில் புனேயிலிருந்து வந்த ஒரு தம்பதி, அவர்களுடைய பள்ளிக்கூட வயதுப் பையன், நான். எல்லாருக்கும் பொது மொழி அரைகுறை இந்தி.

முன்னிரவில் மேகம். ஆகஸ்டு மாதம் பருவமழையின் ஓரம் இங்கேயும் எட்டிவிடும். சந்திரன் மறைந்து நெடுநேரம் கழித்துத்தான் வானம் திறந்தது. திறந்தபோது பேச்சு நின்றுபோனது. பால்வீதி தலைக்கு மேல் தெற்கிலிருந்து வடக்குவரை போய், மலைவரம்பில் இறங்கும் இடம்கூடத் தெளிவாக இருந்தது. வடகிழக்கில் கார்த்திகை ஏறியிருக்க, அதற்கு வடக்கே பெர்சியஸ் விண்மீன் கூட்டம். அந்தத் திசையிலிருந்து கோடுகள் கிளம்பத் தொடங்கின. சரேலென்று ஒன்று, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. எல்லாமே வேகம், கண் திரும்புவதற்குள் முடிந்துவிடும். பையன் எண்ணிக்கொண்டிருந்தான்.

இரண்டு மணி தாண்டியிருக்கும். நான் வடகிழக்கைப் பார்த்துப் படுத்திருந்தேன். முதலில் தெரிந்தது தரைதான். பக்கத்தில் கிடந்த கூழாங்கற்களுக்கு நிழல் வந்தது. அந்த நிழல்கள் நகர்ந்தன. திரும்பிப் பார்த்தபோது தென்வானத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே மஞ்சளாக ஒரு பந்து கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் அவசரமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அதுவரை பார்த்தவை எல்லாம் கண்ணிமைப்பில் போனவை; இதைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. மஞ்சள் வெளுத்தது, வெளுப்பில் பச்சை ஏறியது, பிறகு ஒரு பெரும் வெடிப்பொளி. பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. எதிர்க்குன்றின் மேலுள்ள மடாலத்தின் சுவர்கள், வண்டியின் சக்கரம், அந்தப் பெண்ணின் முகம், எல்லாம் தெரிந்தன. அந்த ஒளிக்குள்ளிருந்து மூன்று துண்டுகள் பிரிந்து, ஒன்றின்பின் ஒன்றாகச் சிவந்து, கிழக்கு மலைவரம்புக்கு மேலேயே அணைந்தன. மங்கலான ஒரு தடம் கொஞ்ச நேரம் நின்று கரைந்தது.

புனேக்காரர் ஏதோ கத்த வாயெடுத்தார். அந்தப் பெண் கையை உயர்த்தினாள்.

“யாரும் பேசாதீங்க. முதல்ல எழுதுங்க. அவங்கவங்க பார்த்ததை அவங்கவங்க எழுதுங்க. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்டுட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.”

சிவப்பு டார்ச்சைப் பொருத்தி எங்களுக்குத் தாள் கொடுத்தாள். எந்த நேரம், எந்தத் திசையில் தொடங்கியது, எங்கே முடிந்தது, முடிந்த இடம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை நொடி, என்ன நிறம், உடைந்ததா, சத்தம் கேட்டதா. உயரத்தை அளக்கக் கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கச் சொன்னாள். நீட்டிய கையில் ஒரு முட்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. நான் எழுதினேன்: முடிவு கிழக்கே, இரண்டரை முட்டி. ஆறு நொடி. பையனும் இரண்டரை என்றே எழுதியிருந்தான். அவன் அம்மா மூன்று என்றார்.

“இப்போ காத்திருங்க. சத்தம் வந்தா பின்னாலதான் வரும்” என்றாள்.

2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின்மேல் வெடித்தது சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை. ஒளியைப் பார்த்ததும் மக்கள் ஜன்னலருகே ஓடினார்கள். இரண்டு நிமிடங்களுக்கும் மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளைச் சிதறடித்தது. ஏறத்தாழ 1,500 பேருக்குக் காயம். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் ஒளியைக் கண்டவுடனே பிள்ளைகளை மேசைக்கடியில் பதுங்கச் சொன்னார். 44 பிள்ளைகள் ஒரு கீறலும் இல்லாமல் தப்பினார்கள். ஒளிக்கும் ஒலிக்கும் இடையிலான அந்த இடைவெளி உயிர் காக்கும். இதைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்து நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தோம். காற்று இரைந்தது, வேறொன்றும் கேட்கவில்லை. சத்தம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னாள். அதுவும் ஒரு தகவல் என்றாள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தவர் கூடலூர் கிழார். புறநானூற்றில் 229ஆம் பாட்டு அவருடையது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேரன் இறந்ததைப் பாடியது. ஒரு மீன் விழுந்ததைக் கண்டோம், மன்னனுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சினோம், ஏழாம் நாள் அவன் போய்விட்டான் என்பது அதன் சுருக்கம். நிமித்தப் பாட்டு என்றுதான் அதை நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஆனால் அந்தப் பாட்டின் முதற்பாதியை மெல்லப் படித்துப் பாருங்கள். பங்குனியின் முற்பாதி. நள்ளிரவு. உரைகாரர்கள் விளக்குவதுபோல், உத்திரம் உச்சியிலிருந்து சாய்கிறது, அதற்கு எதிரே மூலம் எழுகிறது, மறுபுறம் மிருகசீரிடம் மறைகிறது. விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை. தரைக்கு விளக்கானதுபோல் ஒளி பரவியது என்றும் சொல்கிறார்.

மாதம், நேரம், திசை, ஒளியின் அளவு. அந்தப் பெண் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். நட்சத்திர வரைபடத்தில் வைத்து நானே சரிபார்த்திருக்கிறேன்: தமிழ்நாட்டு வானத்தில் உத்திரம் உச்சி சாயும் வேளையில் மூலம் தென்கிழக்கில் தலைகாட்டுகிறது, மிருகசீரிடம் மேற்கே இறங்குகிறது, பங்குனியில் அந்த வேளை நள்ளிரவுதான். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. துக்கத்தில் எழுதிய பாட்டு இது. அந்தத் துக்கத்திலும் கண்டதை மாற்றாமல் சொல்லியிருக்கிறார் ஒரு புலவர். அரசன் இறந்ததற்கும் மீன் விழுந்ததற்கும் தொடர்பில்லை என்று இன்று நமக்குத் தெரியும். அதற்காக அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. எனக்கு இது தமிழின் மிகச் சிறந்த வான்குறிப்புகளில் ஒன்று.

கண்டவர் சொல்லைத் தள்ளிவிடுவது அறிவுலகத்தில் நெடுங்காலம் வழக்கமாகவே இருந்திருக்கிறது. வானத்திலிருந்து கல் விழுந்தது என்று குடியானவர்கள் சொன்னால் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்களில் பலர் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். 1794இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் பழைய சாட்சியங்களைத் திரட்டி, இவர்கள் சொல்வது உண்மை, இந்தக் கற்கள் விண்வெளியிலிருந்து வருபவை என்று ஒரு சிறுநூல் எழுதினார். எள்ளல்தான் கிடைத்தது. வழக்கைத் திருப்பிய நிகழ்ச்சிகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது. 1798 டிசம்பர் 19 இரவு எட்டு மணியளவில் காசிக்கு அருகே தெளிந்த வானத்தில் ஒரு நெருப்புப் பந்து போனது, இடிபோல் முழங்கியது. கிராகுட் என்ற கிராமத்தைச் சுற்றிக் கற்கள் விழுந்தன. ஒரு கல் காவல்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைத் துளைத்துத் தரையில் புதைந்தது. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஊராரை விசாரித்து, கற்களைச் சேர்த்து, விவரத்தோடு லண்டனுக்கு அனுப்பினார். எட்வர்டு ஹோவர்டு என்ற வேதியியலாளர் அவற்றை வெவ்வேறு நாடுகளில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கற்களோடு சேர்த்துச் சோதித்தார். எல்லாவற்றின் இரும்பிலும் நிக்கல் இருந்தது. அவை கிடைத்த ஊர்களின் பாறைகளோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. 1802இல் அவர் கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்ஸில் லெக்ல் நகரத்தருகே கல்மழையே பொழிந்தபோது, ழான் பாப்டிஸ்ட் பியோ ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டு எழுதினார். அதற்குப் பிறகு மறுப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

கிராகுட் காவல்காரரின் பெயரை எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

நாங்கள் கண்டது பெர்சீட் அல்ல என்று அந்தப் பெண் உறுதியாகச் சொன்னாள். தாளில் கோட்டைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். அது வடகிழக்குப் பெர்சியஸுக்குப் போகவில்லை, தென்மேற்குக்குப் போனது. வேகமும் ஒத்துவரவில்லை. பெர்சீட் என்றால் ஆறு நொடி நீடிக்க வாய்ப்பே இல்லை. நொடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவை பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையிலிருந்து உடைந்து வந்த கற்கள். வால்வெள்ளித் தூசி உதிரி, உயரத்திலேயே எரிந்துபோகும். கல் அப்படியல்ல, கீழே வரும். முன்னால் இருக்கும் காற்றை அது அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்று ஆயிரக்கணக்கான பாகை சூடாகிறது. கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. அந்த ஆவியிலுள்ள சோடியம் மஞ்சளாகவும் மக்னீசியம் பச்சையாகவும் ஒளிர்கிறது. காற்றின் அழுத்தம் கல்லின் உறுதியை மிஞ்சும் இடத்தில் அது உடைகிறது. வேகம் நொடிக்கு மூன்று கிலோமீட்டர் அளவுக்குத் தணிந்ததும் ஒளி அணைந்துவிடும். மிஞ்சிய துண்டுகள் இருட்டில், கண்ணுக்குத் தெரியாமல், சாதாரணக் கல் விழுவதுபோல் விழும். அதற்கே சில நிமிடங்கள் ஆகும். நாங்கள் சத்தத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அவை விழுந்துகொண்டிருந்திருக்கலாம்.

வெள்ளியைவிட ஒளிமிக்க எரிகல்லைத் தீப்பந்து என்கிறார்கள். நிழல் விழச் செய்தது என்றால் இது வெள்ளியைப் பல மடங்கு மிஞ்சியது. குன்றின் மேலிருந்த பெரிய தொலைநோக்கிக்கு இது தெரிந்திருக்காது. அதன் முதன்மைக் கருவி பார்ப்பது நிலவின் விட்டத்தில் மூன்றிலொரு பங்கு அகலமுள்ள வானத்துண்டு மட்டுமே. கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவைப் பார்க்க அது வேண்டும். தலைக்குமேல் ஆறு நொடியில் நடந்து முடிவதைப் பார்க்க, வெளியே நிற்கும் ஆள் வேண்டும். அல்லது வானம் முழுவதையும் எடுக்கும் கேமரா. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1959 ஏப்ரல் 7 அன்று ஒரு தீப்பந்தை இரண்டு இடங்களிலிருந்து கேமராக்கள் பிடித்தன. படங்களை ஒப்பிட்டு, ப்ரிப்ராம் ஊரருகே அதன் கற்களைக் கண்டெடுத்து, அவை சூரியனைச் சுற்றிவந்த பாதையையும் கணக்கிட்டார்கள். விண்ணில் ஒரு கல் வந்த வழி தெரிந்தது அதுதான் முதல் முறை. பாதை சிறுகோள் பட்டைவரை போனது. இரண்டு இடங்கள், இரண்டு பார்வைகள். ஒன்று மட்டும் இருந்தால் திசைதான் கிடைக்கும், தூரம் கிடைக்காது.

காலையில் வீட்டு அமாலே, அதாவது அம்மா, வெண்ணெய்த் தேநீரும் வாற்கோதுமை ரொட்டியும் கொடுத்தார். வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. கறுப்புத் திரை வெளிச்சத்தை உள்ளேயும் விடவில்லை. அடுப்போரம் உட்கார்ந்திருந்த மேமேலே, அதாவது தாத்தா, நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் லடாக்கியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் சாங்பா மேய்ப்பராக இருந்தவர். பஷ்மினா ஆடுகளோடு குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தவர். ஓநாய்க்குப் பயந்து இரவுக் காவல் இருந்த ஒரு நாள், பனியில் ஆடுகளின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்து பார்க்குமுன் முடிந்துவிட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது, ஆடுகள் பட்டியை உடைத்துக்கொண்டு போய்விட்டன.

“எவ்வளவு நேரம் கழிச்சு சத்தம் வந்தது மேமேலே?” என்றாள் அவள்.

கொஞ்சம் யோசித்தார். ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் என்றார். இதுவரை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். அவள் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள், எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு.

நம்மூரிலும் இப்படி எத்தனை பேர் சொல்லாமலே போயிருப்பார்கள் என்று தோன்றியது. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைப் பக்கத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. சேர்த்து 77 கிலோவுக்கு மேல். பர்னல்லி என்ற பெயரில் உலகப் பட்டியல்களில் இருக்கும் அந்தக் கல்லின் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்தில் உறைந்த உருண்டைத் துளிகள் அதில் அதிகம் சிதையாமல் இருப்பதால் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். தமிழ்ப் பாடப்புத்தகம் எதிலும் அதைப் பற்றி நான் படித்ததில்லை. மதுரைப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

திரும்பும் வழியில் நியோமாவில் சாப்பிட நிறுத்தினோம். தாபாவுக்கு வெளியே ஒரு லாரி. அதன் ஓட்டுநர் உள்ளே இன்னொருவரிடம் கையை வீசி எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். வெல்டிங் வைக்கும்போது வருமே, அந்த மாதிரி வெளிச்சம் என்பது காதில் விழுந்தது. நான் எழுந்து போனேன். முந்தைய இரவு அவர் அங்கேயே லாரியை நிறுத்தியிருந்தார். தார்ப்பாய்க் கயிறு தளர்ந்து காற்றில் அடித்துக்கொண்டதால் எழுந்து இறங்கியிருக்கிறார். நாங்கள் கண்டதை நான் சொல்லவில்லை. முதலில் அவரைச் சொல்லச் சொன்னேன். நின்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். லாரியின் முன்பக்கம் எந்தத் திசையில் இருந்தது, எந்தக் குன்றுக்கு மேலே அணைந்தது என்று காட்டினார். போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தோம். கிழக்குக்குச் சற்றுத் தெற்கே. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கச் சொன்னேன். ஒன்றரை முட்டி.

தாபா மேசையில் வரைபடத்தை விரித்து இரண்டு கோடுகள் போட்டேன். ஹான்லேயிலிருந்து நேர் கிழக்கே ஒன்று, நியோமாவிலிருந்து ஒன்று. ஹான்லேக்குக் கிழக்கே 70 கிலோமீட்டர் அளவில் இரண்டும் வெட்டிக்கொண்டன. எங்களுக்கு இரண்டரை முட்டி, தொலைவில் இருந்த அவருக்கு ஒன்றரை. உயரம் 30 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. அப்படிப்பட்ட கற்கள் அணைகிற உயரம்தான். வெறும் கையால் அளந்த கணக்கு, பிழை நிறைய இருக்கும். ஆனாலும் அந்த வெட்டுப்புள்ளியைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அது எல்லைக்கு அப்பால் இருந்தது. நாம் போக முடியாத நிலம். அதே சாங்தாங், அதே ஆடுகள், அதே மேய்ப்பர்கள்.

ஓட்டுநர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாயி சாப், ஒரு துண்டாவது இந்தப் பக்கம் விழுந்திருக்குமா?” என்றார்.

சிறு துண்டுகள் பாதையின் பின்பகுதியிலேயே விழும், கனமானவை முன்னே போகும். பாதை நம் பக்கத்திலிருந்துதான் போயிருக்கிறது, விழுந்திருக்கலாம் என்றேன். எப்படி இருக்கும் என்று கேட்டார். வெளியே கருகிய மெல்லிய கறுப்புத் தோல், உடைந்த இடத்தில் சாம்பல் நிறம், அளவுக்கு மீறிய கனம், காந்தம் ஒட்டும். எடுக்குமுன் கிடந்த இடத்திலேயே படம் எடுக்க வேண்டும், கழுவக் கூடாது, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டே தன் போனில் இந்தியில் தட்டினார். பிறகு அதைச் சுஷுல், தெம்சோக் பக்கம் வண்டி ஓட்டும் தன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாங்கள் பருப்பும் சோறும் சாப்பிட்டு முடிப்பதற்குள் அதில் மூன்று பேர் பதில் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தானும் பார்த்ததாக எழுதியிருந்தார். எங்கே நின்று பார்த்தார், எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னேன்.